பிரித்துக் கட்டுகிற லாத்தா

லாத்தா என் பெயரைக் கேட்டது நாங்கள் பழகி வெகுநாள் கழித்துத்தான். முதன்முதலாக என் வீட்டு வாசலில் வந்து நின்று அவர் கேட்ட கேள்வியே வேறு.

"ஒங்கிட்ட எத்தன கிலோ இரிக்கு?"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கல்யாணமாகி, துபாய்க்கு மலை தாண்டி இருக்கிற புஜைராவுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். முதல் லீவுக்கு ஊருக்குப் போகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் லாத்தாவின் வீட்டுக்காரர் துறைமுகச் சாலையில் சின்ன மளிகைக்கடை வைத்திருந்தார். அந்தக் கடைக்கு வராத சேதி அந்த ஊரில் கிடையாது. என் வீட்டுக்காரர் அங்கே தயிர் வாங்கப் போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க மாட்டார்.

கறுப்பு அபாயா அங்கியின் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். வளையல் கிடக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிற டேப் உருளை ஒன்று கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் அரை நாளாக அடுக்கிய பெட்டியை அப்படியே கவிழ்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யார் இவர், எங்கிருந்து வந்தார், என் உள்பாவாடையை எடுத்து உதறி மடிக்க இவர் யார்?

"அடுக்கவே தெரியல புள்ள ஒனக்கு. பாதிப் பெட்டிக்குக் காத்த அடச்சு வச்சிரிக்கா" என்றார். பிறகு எல்லாவற்றையும் சுருட்டிச் சுருட்டி வைத்து, பையிலிருந்து கொக்கித் தராசை எடுத்துப் பெட்டியைத் தூக்கி நிறுத்துப் பார்த்தார். "பார்த்தியா? இன்னும் எவ்ளோ இடம் கிடக்கு! தூத்துக்குடிக்கு ஒரு பொட்டலம், ஒங்க ஊரு டவுனுக்கே ஒண்ணு. சாயங்காலம் கொண்டாறேன்" என்று சொல்லிப் போய்விட்டார். நான் சரி என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

லாத்தா என்றால் அக்கா. திருச்செந்தூருக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தஞ்சாவூர், ராமநாதபுரம், நாகர்கோவில், யாழ்ப்பாணம் என்று எங்கிருந்து வந்தவர்களும் புஜைராவில் அவரை லாத்தா என்றார்கள். அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் லாத்தாதான். துபாய்க்காரர்களுக்கு இதெல்லாம் விளங்காது. அவர்களுக்குக் கராமா கடைத்தெருவில் இறங்கினால் தெரிந்த முகம் நாலு கிடைக்கும். எங்களுக்கு ஒரு பக்கம் மொட்டை மலை, இன்னொரு பக்கம் கடல், நடுவில் வரிசையாக வெள்ளை எண்ணெய்த் தொட்டிகள். ஒருத்தர் ஊருக்குப் போனால் அவர் பெட்டியில்தான் மற்ற எல்லாருடைய வீடும் போகும். திரும்பி வரும்போது அதே பெட்டியில் வீடுகள் எல்லாம் வரும். யார் எப்போது போகிறார், யார் பெட்டியில் எவ்வளவு இடம் மிச்சம், யாருடையதை எந்த ஊரில் சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் லாத்தாவின் தலைக்குள் இருந்தது. எழுதி வைக்கிற பழக்கமே கிடையாது.

ஆனால் ஒரு கண்டிஷன். பிரித்துக் காட்டாத எதுவும் போகாது. தையல் போட்டு, சீல் வைத்து, பிள்ளையார் சுழி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாலும் பிரிப்பார். கொடுத்தவரை எதிரில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, முகர்ந்து, தட்டி, மறுபடி கட்டுவார். அவர் போடுகிற முடிச்சு தனி. கத்தியை வைத்தால்தான் அவிழும்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ராமநாதபுரத்துத் தம்பி ஒருவன் இருந்தான். புதுசாகக் கல்யாணம் முடித்து, ஒரு மாதம் பெண்டாட்டியோடு இருந்துவிட்டு டூட்டிக்குத் திரும்பியவன். அவளுக்கு ஒரு பார்சல் கொண்டுவந்தான். லாத்தா பிரிக்கப்போகிறார் என்று தெரிந்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "லாத்தா, அதுல ஒண்ணும் இல்ல லாத்தா, ப்ளீஸ் லாத்தா" என்று கெஞ்சினான். கதவு சாத்திக்கொண்டது. வெளியே ஹாலில் நாங்கள் நாலைந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உள்ளிருந்து லாத்தாவின் குரல் மட்டும் கேட்டது. "கலரு நல்லாத்தான் இரிக்கு. இத அடியில வைப்போம்."

அவன் காது மடல் சிவக்க வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் படியிறங்கி ஓடினான். எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடித் தஞ்சாவூர் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்தவர் வீட்டில் என்ன குழம்பு என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"என்ன லாத்தா, அப்படி என்ன கொடுத்து விடறான்?"

"துணிமணிதான்" என்றார் லாத்தா.

யார் பார்சலைப் பற்றி யார் கேட்டாலும் இதே பதில்தான். ஒருமுறை ஒரு பெரிய டப்பா அவர் கையிலேயே கடகடவென்று உருண்டது. அதற்கும் துணிமணிதான். தஞ்சாவூர் அக்கா நொடித்துக்கொண்டு போவார். இந்த அம்மா எங்களிடம் இப்படிச் சொல்வது சும்மா கண்துடைப்புக்குத்தான், தனியாக யாரிடமோ எல்லாவற்றையும் கொட்டுகிறார் என்றுதான் அப்போது நானும் நினைத்தேன். அவ்வளவையும் பார்க்கிற ஒரு மனுஷிக்கு அதை வெளியே சொல்லாமல் வயிறு எப்படித் தாங்கும்?

ஒரு தடவை பெரிய கம்பெனி இன்ஜினியர் ஒருவர் டேப் சுற்றிய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மதுரைக்குப் போக வேண்டும். லாத்தா கத்தியை எடுத்ததும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஏம்மா, என்மேல நம்பிக்கை இல்லையா?"

"ஒங்க மேல நெறய இரிக்கு தம்பி. பார்சல் மேலதான் இல்ல."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இனி இந்தப் பக்கமே வர மாட்டேன் என்று கீழே நின்று சத்தம் போட்டதாகக்கூடச் சொன்னார்கள். லாத்தா அசரவில்லை. "யா அல்லா, போனாப் போறாரு" என்று அடுத்த பொட்டலத்தை எடுத்தார்.

இப்போது என் கதைக்கு வர வேண்டும். இது இல்லாமல் லாத்தாவைச் சொல்ல முடியாது.

எனக்கு இரண்டு முறை கரு நின்று, இரண்டு முறையும் கலைந்துபோனது. முதல் முறை சந்தோஷத்தில் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். புஜைராவே வீட்டுக்கு வந்து இனிப்பு கொடுத்துவிட்டுப் போனது. கலைந்த பிறகு அதே ஆட்கள் ஒவ்வொருவராக வந்து "என்னாச்சு, எப்படி ஆச்சு, என்ன சாப்பிட்டே?" என்று கேட்டார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிச் சொல்லி நான் செத்தேன். சூப்பர்மார்க்கெட்டில் தெரிந்த முகம் தென்பட்டால் அடுத்த வரிசைக்குள் போய் நின்றுகொள்வேன். இரண்டாவது முறை கொஞ்சம் பேருக்குத்தான் தெரியும். அந்தக் கொஞ்சம் பேரே போதுமானதாக இருந்தார்கள்.

மூன்றாவது முறை தரித்தபோது நானும் என் வீட்டுக்காரரும் சத்தியம் பண்ணாத குறையாக முடிவெடுத்தோம். எங்கள் இருவரையும் டாக்டரையும் என் அம்மாவையும் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியக்கூடாது. டாக்டர் விமானத்தில் போகக்கூடாது, கனம் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்குக் கால்முட்டி வலி, வர முடியாது. எனக்கு ராத்திரியில் தூக்கம் இல்லை. அதை அம்மாவிடம் போனில் சொன்னேன், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து லாத்தா லீவில் ஊருக்குப் போயிருந்தார். ஊரில் அவர் வீட்டுக்கும் எங்கள் அம்மா வீட்டுக்கும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அம்மா ஒரு மூட்டையைக் கட்டி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டாள். போய்விட்டு வந்துதான் எனக்குப் போன் பண்ணினாள்.

"ஏட்டி, அந்தம்மா நல்ல மாதிரிதான். ஆனா நான் கட்டுனத எல்லாத்தையும் பிரிச்சுக் கடை பரத்திட்டாவட்டி!"

"உள்ள என்னம்மா வச்சிருந்தே?"

"என்னத்த வைப்பேன்? ஒங்கப்பா பழைய வேட்டிய வெந்நீர்ல அலசி மடிச்சு வச்சிருந்தேன், பிள்ளைக்கு மெத்துனு இருக்கும்லா. வயித்துக்கு இறுக்காத நைட்டி ரெண்டு. கோயில்ல மந்திரிச்ச கயிறு. ராத்திரி பால்ல போட்டுக் குடிக்கக் கொஞ்சம் கசகசா."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த மூட்டையைப் பார்த்தால் பச்சைப் பிள்ளைக்குக்கூட விளங்கும். தானாகப் போய் லவுட் ஸ்பீக்கர் முன்னால் நின்ற மாதிரி ஆகிவிட்டது. லாத்தா திரும்பி வந்து இறங்கிய மறுநாள் ஊருக்கே தெரிந்துவிடும். அதன்பிறகு ஒன்று ஆகிவிட்டால் மறுபடி அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அந்தத் தெம்பு இல்லை. என் பார்சலைப் பிரிக்க அவர் யார் என்று அன்றைக்கு அழுத அழுகை இன்னும் நினைவில் இருக்கிறது.

லாத்தா வந்தார். மூட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அவருடைய முடிச்சு போட்டிருந்தது. நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"ஒங்க உம்மாட்ட நல்லா எடுத்துச் சொல்லு புள்ள. கசகசா இந்த நாட்டுக்கு ஆகவே ஆகாது. நம்ம ஊர்ல குருமாவுல அரைக்கிறோம், பால்ல போடுறோம். இங்க இத போதைச் சாமான்னு சொல்லுவாங்க, புடிச்சா உள்ளதான். நான் எடுத்து அங்கயே குடுத்துட்டேன்" என்றார். பிறகு மூட்டையை என் பக்கம் நகர்த்தியபடியே, "எந்தம்பி அப்படித்தான் ஜெயிலுக்குப் போனான். எவரோ குடுத்த மசாலாப் பொட்டலம், பிரிச்சுப் பார்க்காம வாங்கிட்டு வந்தான். குடுத்தவங்க மேல தப்பில்ல, அவங்களுக்குத் தெரியாது. அவன் வெளிய வர்றதுக்குள்ள எங்க உம்மா பாதி ஆளாயிட்டாங்க" என்றார்.

அவ்வளவுதான். வேட்டியைப் பற்றியோ நைட்டியைப் பற்றியோ கயிற்றைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. என் வயிற்றுப் பக்கம் அவர் கண் போகவில்லை. அந்த மந்திரித்த கயிறு மட்டும் ஒரு புதுக் கைக்குட்டையில் தனியாகச் சுற்றி, எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தது. அம்மா வைத்தபோது கைக்குட்டை இல்லை.

தம்பி கதையைக் கேட்டு மனசு இளகியது நிஜம்தான். ஆனாலும் பயம் போகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் கடற்கரைப் பூங்காவில் எல்லாக் குடும்பங்களும் கூடுகிற ஏற்பாடு இருந்தது. வராமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள், போனால் என்ன கேட்பார்களோ! யோசித்து யோசித்துக் கடைசியில் போனேன்.

போனவுடனே தஞ்சாவூர் அக்கா பிடித்துக்கொண்டார். "லாத்தாகிட்ட உங்கம்மா பெரிய மூட்டை கொடுத்து விட்டாங்களாமே! என்ன விசேஷம்?"

பக்கத்தில் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்த லாத்தா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். "துணிமணிதான்."

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த கூத்து. பிரியாணி இருந்த பெரிய தேக்சா அண்டாவைக் காரிலிருந்து இறக்க ஆள் வேண்டும். ஆண்கள் எல்லாம் பிள்ளைகளோடு தண்ணீர்ப் பக்கம் போய்விட்டார்கள். "வாடி, நீயும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடிப்போம்" என்று தஞ்சாவூர் அக்கா என்னைக் கூப்பிட்டார். என்ன சாக்குச் சொல்வது? கால் வலியா, கை வலியா? யோசித்துக்கொண்டே நான் குனிந்து வளையத்தில் கை வைத்துவிட்டேன்.

"எடு கைய!"

லாத்தா போட்ட சத்தத்தில் பூங்காவே திரும்பிப் பார்த்தது. "இந்தப் புள்ள கையில தேக்சாவக் குடுக்காதீங்க! ஒரு பெட்டி அடுக்கத் தெரியாது இவளுக்கு. கீழ போட்டுட்டா அத்தன பேரு பசிக்கும் எவ பதில் சொல்றது? போ புள்ள, போய் அந்த நாற்காலியில உக்காந்து ஊறுகாய்ப் பொட்டலத்தப் பிரி. அதுக்குத்தான் நீ லாயக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அத்தனை பேர் முன்னால் இப்படியா மானத்தை வாங்குவது? நாற்காலியில் போய் உட்கார்ந்து ஊறுகாய்ப் பொட்டலத்தைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நாற்காலி நிழலில் போட்டிருந்தது. முதுகுக்குத் தலையணை ஒன்று வைத்திருந்தது. அத்தனை பெண்களில் எனக்கு மட்டும்தான் நாற்காலி.

நிமிர்ந்து பார்த்தேன். லாத்தா தேக்சாவின் ஒரு பக்கத்தைப் பிடித்து, தஞ்சாவூர் அக்காவை "யல்லா, யல்லா" என்று விரட்டிக்கொண்டு வந்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை. அந்த ஊறுகாயைப் பிரித்தபடி எதிரில் கடலைப் பார்த்து நான் அழுதேன். மிளகாய்க் காரம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் அப்படித்தான். எங்கே கூடினாலும் லாத்தா என்னைத் திட்டுவார். படி ஏறினால் திட்டு, தண்ணீர் கேனைத் தொட்டால் திட்டு. "லாத்தாவுக்கும் உனக்கும் என்ன சண்டை?" என்று ஆள் ஆளுக்குக் கேட்டார்கள். வயிறு வெளியே தெரிந்து, இனி மறைக்க முடியாது என்று ஆன பிறகு, டாக்டரும் தைரியம் சொன்ன பிறகு, நாங்களே எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னோம். அன்றைக்கு எல்லாரையும்விடப் பெரிய சத்தம் யாருடையது என்று நினைக்கிறீர்கள்?

"அடிப் பாவி! ஒரு வார்த்த சொன்னியா எங்கிட்ட?" என்று மார்பில் கை வைத்து நின்றார் லாத்தா. என்ன நடிப்பு! என் வீட்டுக்காரர்கூட நம்பிவிட்டார்.

மகள் பிறந்தாள். என் அப்பாவின் வேட்டித் துணியில்தான் அவளைச் சுற்றினோம். இப்போது அவளுக்கு நாலு வயது. பாதித் தமிழ் பாதி இங்கிலீஷ். "லாத்தா, ஓப்பன் பண்ணு" என்று தன் விளையாட்டுச் சாமான் பையைக் கொண்டுபோய் அவர் மடியில் கொட்டுவாள். அவரும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, நிறுத்து, கட்டிக் கொடுப்பார்.

இந்த வருஷம் ஒருநாள் லாத்தா ஊரோடு போகிறார் என்று சேதி வந்தது. மகன்கள் அங்கே தலையெடுத்துவிட்டார்கள், இனி இங்கே இருந்தது போதும் என்று கூப்பிட்டுவிட்டார்கள். கடையை வேறு ஒருவருக்குக் கைமாற்றியாயிற்று. கிரேன் தம்பி, தஞ்சாவூர் அக்கா என்று எல்லார் வீட்டிலும் விருந்து நடந்தது. பிரிக்க விடாமல் கோபித்துக்கொண்டு போன இன்ஜினியர்கூட வந்து நின்றார். கையில் ஒரு பார்சல். அவரே அதைப் பிரித்து வைத்திருந்தார்.

புறப்படுகிற அன்று காலையில் எனக்குப் போன் வந்தது. "வா. ஒங்கிட்ட குடுத்த தராச எடுத்துட்டு வா."

போனால், அறை நடுவில் பெட்டி திறந்து கிடந்தது. லாத்தா கட்டில்மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"என்ன பாக்குறா? என் பெட்டிய நானே கட்டுனா, நான் வச்ச சட்டத்துக்கு என்ன அர்த்தம்? பிரி."

"ஐயோ, உங்க பெட்டியை நான் பார்க்கவா? வேண்டாம் லாத்தா."

"நம்பிக்கையெல்லாம் அப்புறம். பிரி புள்ள."

இத்தனை காலம் ஊரில் உள்ள அத்தனை பேர் பெட்டியையும் பார்த்த மனுஷியின் பெட்டியை ஒருத்தர்கூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அவர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். பெரும்பாலும் மற்றவர்களுடைய பொட்டலங்கள்தான். கடைசிப் பயணத்திலும் தனக்கென்று கொஞ்சம் இடம்தான் வைத்துக்கொண்டிருந்தார். அடியில் ஒரு பொட்டலம் இருந்தது. அது அவருடையது. கையில் எடுத்துவிட்டு அவரைப் பார்த்தேன். தலையை ஆட்டினார். கத்தியை வைத்து முடிச்சை அறுத்துப் பிரித்தேன்.

அவர் மூக்கை உறிஞ்சினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் அழுதேன், அவரும் அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாத்தாச்சுல்ல? கட்டு" என்றார். நான் கட்டினேன். என் முடிச்சு அவ்வளவு இறுக்கமில்லை. இழுத்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து என்னைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான்.

"அந்தப் பக்கம் நான் இரிக்கேன். ஒங்க உம்மா மூட்டையோட வந்தா நான் பிரிச்சுப் பாத்துத்தான் அனுப்புவேன். இந்தப் பக்கத்த ஒருத்தி பாக்கணும்ல" என்றார்.

"எனக்கு இந்த வேலையெல்லாம் ஒத்து வராது லாத்தா. எனக்குக் கோபம் வரும்."

"எனக்கு மட்டும் வரலியா?" என்று சிரித்தார். கதவைத் திறந்து வெளியே வந்து, டேப் உருளையைக் கையிலிருந்து கழற்றி, ஹாலில் விளையாடிக்கொண்டிருந்த என் மகள் கையில் மாட்டிவிட்டார். அது அவள் தோள் வரை ஏறிவிட்டது.

ஷார்ஜா விமான நிலையத்தில் லாத்தாவையும் அவர் வீட்டுக்காரரையும் விட்டுவிட்டு மலைப்பாதையில் திரும்பிக்கொண்டிருந்தோம். மகள் பின்சீட்டில் டேப்பை இழுத்து இழுத்துக் கிழித்துக்கொண்டிருந்தாள். கைபேசியில் ஒரு சேதி வந்தது. புதிதாக வந்திருக்கும் ஒரு பெண் அடுத்த வாரம் நாகர்கோவில் போகிறாளாம், லாத்தா என் நம்பரைக் கொடுத்தாராம். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அவள் பெயரைக் கேட்கத்தான் நினைத்தேன். 'எத்தனை கிலோ இருக்கு?' என்றுதான் கை அடித்தது.

என் வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார். "காலையில அவ்வளவு நேரம் கதவைச் சாத்திக்கிட்டு இருந்தீங்களே, ரெண்டு பேர் கண்ணும் சிவந்து போயிருந்துச்சு. அப்படி என்னதான் இருந்துச்சு லாத்தா பெட்டியில?"

"துணிமணிதான்" என்றேன்.